பயாப்ஸிக்குப் பிறகு இம்யூனோ: குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

பயாப்ஸி ரிப்போர்ட்டின் கடைசி வரியில் ‘உறுதிப்படுத்த இம்யூனோ தேவை’ என்று இருந்தால், அன்றிரவு அந்த வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது. சென்னையில் கட்டித் திசுக்களை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து ரிப்போர்ட் எழுதும் பேத்தாலஜி மருத்துவர்களில் நானும் ஒருவர். லேப் கவுன்டரில் நின்றபடி குடும்பத்தார் கேட்கும் கேள்விகளுக்கு அங்கே நிதானமாகப் பதில் சொல்ல நேரம் கிடைப்பதில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இம்யூனோ என்பது பயாப்ஸித் திசுவில் குறிப்பிட்ட புரதங்கள் இருக்கின்றனவா என்று சாயம் பிடிக்கவைத்துப் பார்ப்பது; நாம் என்ன கேட்கிறோமோ அதற்கு மட்டும் பதில் சொல்லும் பரிசோதனை. சரியான கேள்வியைக் கேட்க, நோயாளியின் பழைய வைத்தியக் கதை முழுவதும் எங்களுக்குத் தெரிய வேண்டும். அதைக் கொண்டுவந்து கொடுக்க உங்களால்தான் முடியும்.

இம்யூனோ போடச் சொன்னாலே கேன்சர் உறுதியா?

இல்லை. பல நேரங்களில் கேன்சர் என்பது ஏற்கெனவே தெரிந்திருக்கும். எந்த வகை, எந்த உறுப்பில் தொடங்கியது என்று பார்க்க இம்யூனோ போடுவோம். சில நேரம் வகையும் தெரியும். எந்த மருந்து வேலை செய்யும் என்று பார்க்கப் போடுவோம். இன்னும் சில நேரம், இது கேன்சரா இல்லையா என்பதே சந்தேகமாக இருக்கும்.

இந்த மூன்றாவதற்கு நல்ல உதாரணம் புராஸ்டேட் ஊசி பயாப்ஸி. நூல் மாதிரி மெல்லிய திசுத் துண்டில் நாலைந்து சிறு சுரப்பிகள் மட்டும் சந்தேகப்படும்படி இருக்கும். இயல்பான சுரப்பியைச் சுற்றி வெளிப்பக்கம் அடித்தள செல்கள் ஒரு வரிசை உண்டு. புற்றுநோய்ச் சுரப்பியில் அந்த வரிசை இருக்காது. சாதாரணச் சாயத்தில் அதைப் பார்ப்பது கஷ்டம். பி63 என்ற மார்க்கர் (ஒரு மார்க்கர் என்பது நாங்கள் தேடும் ஒரு புரதம்) போட்டால் இயல்பான சுரப்பியைச் சுற்றிப் பழுப்புப் புள்ளிகள் வளையமாகத் தெரியும். பக்கத்திலேயே இருக்கும் சந்தேகச் சுரப்பிகளில் ஒரு புள்ளிகூட இல்லை என்றால் கிட்டத்தட்ட முடிவுக்கு வந்துவிடலாம். ‘கிட்டத்தட்ட’ என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கேன்சர் இல்லாத சில சுரப்பிகளிலும் இந்த வளையம் அறுந்து அறுந்து இருக்கும். அதனால் செல்லின் உருவத்தையும் சேர்த்துப் பார்த்துத்தான் எழுதுவோம்.

லேபில் என்னதான் செய்கிறார்கள்?

முழுப் பெயர் இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி, ரிப்போர்ட்டில் ஐ.எச்.சி. என்று இருக்கும். உங்கள் பயாப்ஸித் திசு ஃபார்மலினில் ஊறி, பிறகு மெழுகுக் கட்டிக்குள் பதிக்கப்பட்டிருக்கும். அதுதான் பிளாக். அதிலிருந்து மூன்று, நான்கு மைக்ரான் தடிமனில் சீவல் எடுத்து ஸ்லைடில் ஒட்டுவோம். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

மெழுகைக் கரைத்து எடுத்த பிறகு ஸ்லைடைச் சூடான பஃபர் திரவத்தில் வைக்க வேண்டும். ஃபார்மலின் திசுவைக் கெடாமல் காப்பாற்றும்போது புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து, நாம் தேடும் பகுதியை மறைத்துவிடுகிறது. சூடு அந்தப் பிணைப்பைத் தளர்த்துகிறது. சிறிய லேப்களில் இதைச் சமையலறை பிரஷர் குக்கரிலேயே செய்வார்கள், நன்றாகவே வரும். பெரிய லேப்களில் மெஷினே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். இந்தச் சூடாக்கும் முறை 1991-ல் வெளிவந்தது. அதற்கு முன் ஃபார்மலினில் ஊறிய திசுவில் பல மார்க்கர்கள் பிடிக்கவே பிடிக்காது.

அடுத்து ஆன்டிபாடி. ஒவ்வொரு ஆன்டிபாடியும் தனக்கென்று உள்ள ஒரு புரதத்தில் போய் ஒட்டும். அதன் மேல் என்சைம் பூட்டிய இன்னொரு ஆன்டிபாடி ஒட்டும். கடைசியில் டி.ஏ.பி. என்ற ரசாயனம் சேர்த்தால் அந்த என்சைம் இருக்கும் இடம் மட்டும் பழுப்பாகும். மற்ற செல்களின் நியூக்ளியஸ் தெரிவதற்கு நீலச் சாயம் போடுவோம். ஆக, மைக்ரோஸ்கோப்பில் நாங்கள் பார்ப்பது நீலத்தின் நடுவே பழுப்பு.

ஒரே மாதிரியான ஆன்டிபாடியை வேண்டிய அளவு தயாரிக்கும் வழியை 1975-ல் கோலர், மில்ஸ்டீன் என்ற இருவர் கேம்பிரிட்ஜில் கண்டுபிடித்தார்கள். 1984-ல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று எங்கள் லேப் ஃபிரிட்ஜில் இருக்கும் குப்பிகளில் முக்கால்வாசி அந்த வேலையின் வாரிசுகள்.

மறுபடியும் ஊசி குத்த வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். அதே பிளாக்கிலிருந்து இன்னும் சில சீவல் எடுத்தால் போதும். பிளாக்கில் திசு தீர்ந்துபோயிருந்தாலோ, இருப்பதெல்லாம் செத்த செல்களாக இருந்தாலோ மட்டும் மறுபடி பயாப்ஸி கேட்போம்.

ஒரு மார்க்கர் போட்டால் போதாதா? ஏன் ஆறு, ஏழு என்று எழுதுகிறீர்கள்?

செலவை நினைத்துக் கேட்கிறார்கள், நியாயமான கேள்வி. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரே ஒரு கட்டியில் மட்டும் பாசிட்டிவாக வந்து வேறு எதிலும் வராத மார்க்கர் அநேகமாக இல்லை. நாங்கள் அடிக்கடி பார்க்கும் ஒரு சூழலை எடுத்துக்கொள்வோம். மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடிந்து சில வருடங்கள் நன்றாக இருந்த ஒரு பெண்ணுக்கு இருமல். ஸ்கேனில் நுரையீரலில் ஒரு கட்டி தெரிகிறது, ஊசி பயாப்ஸி எடுக்கிறார்கள். சாதாரண ஸ்லைடில் சுரப்பி வகைப் புற்றுநோய் என்பது தெளிவாகத் தெரிகிறது. ஆனால் இது பழைய மார்பகக் கட்டி பரவியதா, நுரையீரலில் புதிதாகத் தொடங்கியதா? இரண்டுக்கும் சிகிச்சை முற்றிலும் வேறு.

இங்கே சி.கே.7 என்ற மார்க்கரை மட்டும் போட்டால் பணம் வீண். மார்பகத்திலும் அது பாசிட்டிவ், நுரையீரலிலும் பாசிட்டிவ். டி.டி.எஃப்-1 போட்டு, கட்டி செல்களின் நியூக்ளியஸ் எல்லாம் பழுப்பானால் நுரையீரல் பக்கம் சாய்வோம். தைராய்டு கட்டியிலும் அது வரும் என்பதை மனதில் வைத்துக்கொள்வோம். நாப்சின்-ஏ-யும் வந்தால் நுரையீரல் என்பது இன்னும் வலுவாகும். மாறாக டி.டி.எஃப்-1 இல்லாமல் காட்டா3 பளிச்சென்று வந்து, ஈ.ஆர். (ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனின் ஏற்பி) பாசிட்டிவாகவும் இருந்தால் மார்பகம். ஈ.ஆர். மட்டும் போட்டு முடிவு கட்டக் கூடாது, சில நுரையீரல் கட்டிகளிலும் அது வரும். காட்டா3 மட்டும் போட்டாலும் சிறுநீர்ப்பைக் கட்டி குறுக்கே வரும். வர வேண்டியது வந்திருக்கிறதா, வரக் கூடாதது வராமல் இருக்கிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்தால்தான் நம்பி எழுத முடியும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். ‘நுரையீரல் கட்டி’ என்று மட்டும் படிவத்தில் எழுதி, மார்பகச் சிகிச்சை நடந்ததை யாரும் சொல்லவில்லை என்றால், காட்டா3 போட வேண்டும் என்ற எண்ணமே எங்களுக்கு வராமல் போகலாம். ‘அது பழைய கதை, அது குணமாகிவிட்டது’ என்று வீட்டில் நினைப்பார்கள். எங்களுக்கு அந்தக் கதைதான் முதலில் வேண்டும்.

உருவமே பிடிபடாத கட்டி என்றால் ஒரு படி முன்னாலிருந்து தொடங்குவோம். சைட்டோகெராட்டின் வந்தால் கார்சினோமா (தோல், உறுப்புகளின் உறைச் செல்களில் தொடங்கும் கேன்சர்) பக்கம், சி.டி.45 வந்தால் லிம்போமா (நிணநீர்ச் செல்களின் கேன்சர்) பக்கம், சாக்ஸ்10 வந்தால் மெலனோமா (நிறமிச் செல்களின் கேன்சர்) பக்கம். வழி தெரிந்த பிறகு அடுத்த சுற்று. அதனால் ‘முதலில் நாலு போட்டார்கள், இப்போது இன்னும் மூன்று கேட்கிறார்கள்’ என்றால் கோபப்படாதீர்கள். ஆரம்பத்திலேயே இருபது போடாமல், திசுவையும் உங்கள் பணத்தையும் பார்த்துச் செலவழிக்கிறார்கள் என்று அர்த்தம்.

பாசிட்டிவ் என்றால் கெட்டதா?

கெட்டது, நல்லது என்று எதுவும் இல்லை. அந்தப் புரதம் அந்தச் செல்லில் இருக்கிறது, அவ்வளவுதான். உங்கள் தோலில் ஒரு துண்டு எடுத்து சைட்டோகெராட்டின் போட்டாலும் பாசிட்டிவாகத்தான் வரும்.

சில இடங்களில் ‘இல்லை’ என்பதே முக்கியமான சேதி. பெருங்குடல் கட்டியில் எம்.எல்.எச்1, பி.எம்.எஸ்2, எம்.எஸ்.எச்2, எம்.எஸ்.எச்6 என்று நான்கு மார்க்கர் போடுவோம். நான்கும் இருக்க வேண்டியவை. கட்டி செல்களில் ஏதாவது காணாமல் போயிருந்தால் செல்லின் டி.என்.ஏ. பிழைதிருத்தும் வேலை பழுதாகியிருக்கிறது. உடலின் எதிர்ப்புச் சக்தியைக் கட்டிக்கு எதிராகத் தூண்டும் இம்யூனோதெரபி மருந்து (இம்யூனோ பரிசோதனை வேறு, இது வேறு) வேலை செய்யும் வாய்ப்பு அதனால் கூடும். லிஞ்ச் சிண்ட்ரோம் என்ற பரம்பரைச் சிக்கலாகவும் இருக்கலாம். அப்படியிருந்தால் அண்ணன் தம்பி, அக்கா தங்கை, பிள்ளைகள் எல்லோரும் மரபணு ஆலோசகரைப் பார்க்க வேண்டியிருக்கும். எல்லோருக்கும் பரம்பரை என்று பயப்பட வேண்டாம், எம்.எல்.எச்1 காணாமல் போவது பலருக்குப் பரம்பரையாக இல்லாமலும் நடக்கிறது. அதைப் பிரித்துப் பார்க்க மேல் பரிசோதனை உண்டு.

அம்மாவுக்கு மார்பகக் கட்டி. ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்2 என்று மூன்று வரி இருக்கிறது. எப்படிப் படிப்பது?

சென்னைப் பெண்களிடையே முதலிடத்தில் இருக்கும் புற்றுநோய் இது. அதனால் இந்தக் கேள்வியும் அதிகம்.

ஈ.ஆர்., பி.ஆர். இரண்டும் ஹார்மோன் ஏற்பிகள் (ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரோன் வந்து ஒட்டும் புரதங்கள்). கட்டி செல்களில் நூற்றுக்கு ஒன்றில் நியூக்ளியஸ் பழுப்பானாலே ஈ.ஆர். பாசிட்டிவ்தான். ஒன்று முதல் பத்து சதவீதம் வரை ‘குறைந்த பாசிட்டிவ்’ என்று தனியாகக் குறிப்போம். பாசிட்டிவ் என்றால் ஹார்மோன் மாத்திரைகள் உதவும் வாய்ப்பு உண்டு. இந்த இடத்தில் பாசிட்டிவ் நல்ல செய்தி.

ஹெர்2 செல்லின் ஓரத்தில் உட்காரும் புரதம். 0, 1+, 2+, 3+ என்று மதிப்பெண். 3+ ஸ்லைடைக் குறைந்த பெருக்கத்தில் பார்த்தாலே போதும். ஒவ்வொரு செல்லின் ஓரமும் முழுசாகப் பழுப்புக் கோடாகி, மொத்தக் கட்டியும் கோழிக்கூண்டு வலை மாதிரி தெரியும். அது பாசிட்டிவ், ஹெர்2-ஐக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் போன்ற மருந்துகளுக்கு வழி. 2+ என்றால் கோடு இருக்கும், ஆனால் மெலிந்து இருக்கும். இம்யூனோவால் முடிவு சொல்ல முடியாத இடம் அது. ஃபிஷ் என்ற மரபணுப் பரிசோதனைக்கு அனுப்புவோம். ‘2+ என்றால் பாதி பாசிட்டிவ்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், ஃபிஷ் முடிவு வரும்வரை அது பாசிட்டிவும் இல்லை, நெகட்டிவும் இல்லை. முன்பு 0-வுக்கும் 1+ஸுக்கும் வித்தியாசம் பார்க்க மாட்டார்கள், இரண்டும் நெகட்டிவ். 2022-லிருந்து, நோய் பரவிய நிலையில் இருக்கும் 1+ உள்ளவர்களுக்கும் பயன்படும் மருந்து வந்துவிட்டதால், அந்த மெல்லிய கோட்டையும் இப்போது உற்றுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நோய் திரும்பி வந்தால் இந்த மூன்றையும் புதிய பயாப்ஸியில் மறுபடி போடச் சொல்வார்கள். அது வீண் செலவில்லை. காலப்போக்கில் கட்டி மாறக்கூடும்.

கேஐ-67 நாற்பது சதவீதம் என்றால் நாற்பது சதவீதம் பரவிவிட்டதா?

இல்லவே இல்லை. நூறு கட்டி செல்களில் எத்தனை, பிரியும் சுழற்சியில் இருக்கின்றன என்ற கணக்கு அது. பரவியதற்கும் அதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. கட்டிக்குக் கட்டி பொருளும் மாறும். குடலில் வரும் நியூரோஎண்டோக்ரைன் கட்டியில் (ஹார்மோன் சுரக்கும் செல்களில் தொடங்குவது) 20-ஐத் தாண்டினாலே தீவிரத்தில் கிரேடு 3 என்போம். பர்கிட் லிம்போமாவில் ஏறத்தாழ நூறு இருப்பதுதான் வழக்கம், அப்படியிருந்தும் அது மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படும் நோய். மார்பகத்தில் 5-க்குக் கீழ், 30-க்கு மேல் என்றால் நம்பிச் சொல்லலாம். நடுவில் இருக்கும் எண்கள் எண்ணுபவரைப் பொறுத்துக் கொஞ்சம் கூடக் குறையத்தான் இருக்கும்.

ரத்தத்தில் பார்க்கும் சி.இ.ஏ., சி.ஏ.125 மார்க்கரும் இதுவும் ஒன்றா?

வேறு. அது ரத்தத்தில் கலந்திருக்கும் அளவு. இது திசுவின் எந்த செல்லில், செல்லின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்று கண்ணால் பார்ப்பது.

ஜி.ஐ.எஸ்.டி. என்று வந்திருக்கிறது. வயிற்றுக் கேன்சர்தானே, அதற்கு ஏன் தனிப் பெயர்?

இம்யூனோவும் மருந்தும் கைகோத்ததை இந்த இடத்தில் பார்க்கலாம், சொல்லாமல் விட மனமில்லை. வயிறு, சிறுகுடல் சுவரில் நீண்ட செல்களாலான இந்தக் கட்டிகளை முன்பு தசைக் கட்டி என்றே எழுதினார்கள். கீமோவும் பெரிதாகக் கேட்காது. 1998-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இவற்றில் கிட் என்ற மரபணு பழுதாகியிருப்பதைக் காட்டினார்கள். அந்தப் புரதத்தைப் பிடிக்கும் சி.டி.117, பிறகு வந்த டாக்1 இரண்டையும் போட்டால் தசைக் கட்டியிலிருந்து இதைப் பிரித்துவிடலாம். பிரித்தால் என்ன பயன்? இமாடினிப் மாத்திரை. கீமோவுக்கு அசையாத நோயோடு, மாத்திரை போட்டுக்கொண்டு வருடக்கணக்கில் வேலைக்குப் போய்வருபவர்கள் இருக்கிறார்கள். சாதாரண வயிற்றுப் புற்றுநோயின் சிகிச்சை இதற்குப் பொருந்தாது. அதனால்தான் தனிப் பெயர்.

கழுத்தில் நெறிகட்டி. டி.பி.யா, லிம்போமாவா? இம்யூனோ சொல்லுமா?

லிம்போமா என்றால் சொல்லும். சி.டி.20, சி.டி.3, சி.டி.30, சி.டி.15 என்று போட்டு வகை பிரிப்போம், வகை தெரியாமல் மருந்து தொடங்க முடியாது. டி.பி.க்கு இம்யூனோ வழக்கமில்லை. அதற்கு, கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பெர்ட், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர். கல்ச்சருக்குத் திசு உயிரோடு வேண்டும், ஃபார்மலினில் போட்டால் கிருமி செத்துவிடும். நம் ஊரில் இரண்டுக்கும் சமவாய்ப்பு என்று நினைத்தே நெறிகட்டியை எடுக்க வேண்டும். எடுக்கும் சர்ஜனிடம் முன்கூட்டியே கேளுங்கள்: ‘ஒரு துண்டை ஃபார்மலினிலும், ஒரு துண்டைச் சலைனிலும் அனுப்புவீங்களா டாக்டர்?’ இந்த ஒரு கேள்வி இரண்டாவது ஆபரேஷனைத் தவிர்த்திருக்கிறது.

இரண்டு லேபில் இரண்டு முடிவு. யாரை நம்புவது?

உடனே யாரையும் சந்தேகப்பட வேண்டாம். ஒரே புரதத்துக்குப் பல கம்பெனி ஆன்டிபாடிகள் உண்டு, அவற்றின் கூர்மை வேறு வேறு. டி.டி.எஃப்-1-லேயே எஸ்.பி.டி.24 என்ற ரகம் அதிகக் கட்டிகளில் ஒட்டும். நுரையீரல் அல்லாத சிலவற்றிலும் ஒட்டிவிடும். ஊசித் துண்டில் வந்த பகுதி வேறாகவும் இருக்கலாம்.

அப்புறம், திசுவைக் கையாண்ட விதம். முடிவு மாறுவதற்கு அடிக்கடி இதுதான் காரணம், மெஷினை விட இதையே முதலில் சந்தேகப்படுவேன். எடுத்த கட்டி ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினுக்குள் போக வேண்டும். ஈ.ஆர்., ஹெர்2 போட வேண்டிய திசு அதில் 6 மணி முதல் 72 மணி நேரம் வரை ஊற வேண்டும். திசுவைப் போல் பத்து மடங்கு ஃபார்மலின் வேண்டும். சின்ன நர்சிங் ஹோமில் ஆபரேஷன் முடிந்து, பாட்டிலைக் குடும்பத்தார் கையில் கொடுத்து லேபில் சேர்க்கச் சொல்வது நம் ஊரில் சகஜம். சில பாட்டில்களில் கட்டி வாய்வரை அடைந்துகொண்டு, பக்கத்தில் இரண்டு ஸ்பூன் ஃபார்மலின் இருக்கும். அதன் நடுப்பகுதி அழுகத் தொடங்கியிருக்கும். அங்கே எந்த ஆன்டிபாடி போட்டாலும் நம்ப முடியாது. பாட்டிலை வாங்கும்போதே திசு தாராளமாக மூழ்கியிருக்கிறதா என்று பாருங்கள், எடுத்த நேரத்தை எழுதித் தரச் சொல்லுங்கள், அன்றைக்கே சேர்த்துவிடுங்கள். சனிக்கிழமை மாலை ஆபரேஷன் என்றால் ஞாயிறு யார் வாங்குவார்கள் என்று முன்பே கேட்டு வையுங்கள். எலும்புத் துண்டு என்றால் இன்னொரு சிக்கல்: மென்மையாக்க ஆசிட்டில் ஊறவைக்கும்போது சில மார்க்கர்கள் அழிந்துவிடும்.

நல்ல லேப் ஒவ்வொரு முறையும் கன்ட்ரோல் திசுவையும், அதாவது முடிவு முன்பே தெரிந்த திசுவையும், சேர்த்து ஓட்டும். மார்பக ஸ்லைடில் கட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் இயல்பான பால்நாளமே கன்ட்ரோல். அதில் ஈ.ஆர். வராமல், கட்டியிலும் வரவில்லை என்றால் அதை ‘நெகட்டிவ்’ என்று எழுத மாட்டோம், மறுபடி போடுவோம்.

எத்தனை நாள், எவ்வளவு செலவு?

முதல் சுற்றுக்குச் சில வேலை நாட்கள், இரண்டாம் சுற்று தேவைப்பட்டால் அதே அளவு இன்னொரு முறை. கட்டணம் பெரும்பாலும் ஒரு மார்க்கருக்கு இவ்வளவு என்ற கணக்கு. தனியார் லேபில் பணம் கட்டும் முன், நீங்கள் சிகிச்சை எடுக்கப்போகும் இடத்தில் பேசுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள். சென்ட்ரல் பக்கம் அரசு பொது மருத்துவமனைக்கோ (ஜி.எச்.) அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டுக்கோ போகப்போகிறீர்கள் என்றால், ஸ்லைடை அவர்களே மறுபடி பார்ப்பார்கள். வெளியே அவசரப்பட்டுப் பத்து மார்க்கர் போட்டுவிட்டுப் போக வேண்டாம்.

இத்தனை போட்டும் ‘எங்கிருந்து வந்தது தெரியவில்லை’ என்கிறார்களே?

அப்படியும் நடக்கும். கட்டி செல்கள் தாங்கள் தொடங்கிய உறுப்பின் புரதங்களையே விட்டுவிட்ட நிலை. அதற்காக ரிப்போர்ட் வீண் இல்லை; லிம்போமா இல்லை, மெலனோமா இல்லை, தைராய்டு இல்லை என்று ஒவ்வொன்றாக விலக்கியதே சிகிச்சைக்கு உதவும். இந்த நேரத்தில் பேத்தாலஜி மருத்துவரும் புற்றுநோய் மருத்துவரும் ஸ்கேன் பார்ப்பவரும் ஒன்றாக உட்கார்ந்து பேசினால் பல முறை வழி பிறக்கிறது. அதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

இரண்டாவது கருத்துக்கு என்னென்ன கொண்டுபோக வேண்டும்?

பிளாக், சாதாரண ஸ்லைடு, இம்யூனோ ஸ்லைடு, எல்லா ரிப்போர்ட்டும், ஸ்கேன் படங்கள் பதிந்த சி.டி. தட்டு. பழைய ஆபரேஷன் எதுவாக இருந்தாலும் அதன் காகிதம். வாட்ஸ்ஆப்பில் ஸ்லைடு போட்டோ அனுப்பிக் கருத்துக் கேட்காதீர்கள், அதை வைத்து யாரும் பொறுப்பாகச் சொல்ல முடியாது.

முதல் லேபில் எழுதிக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டு பிளாக்கை வாங்கிக்கொள்ளுங்கள். எண்ணைச் சரிபாருங்கள், பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும் எண்ணும் ரிப்போர்ட் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். மே மாதம் என்றால் வெயிலில் நிறுத்திய காரில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள், அந்த மெழுகு அறுபது டிகிரிக்குப் பக்கத்திலேயே உருகிவிடும். கருத்துக் கேட்டு முடிந்ததும் பிளாக்கை மறக்காமல் திரும்ப வாங்கி, ரிப்போர்ட் ஃபைலோடு குளிர்ந்த, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். சாயம் போடாத சீவல்கள் நாளாக ஆக வீரியம் இழக்கும். பிளாக் பல வருடம் தாங்கும். நாளைக்குப் புது மருந்தும் அதற்கான புது மார்க்கரும் வந்தால் அதிலிருந்தே சீவிப் பார்க்கலாம்.